பிரமிடனா, நி-ஓலெசுண்டா? ஸ்வால்பார்டில் ஒரே ஒரு இடம் போவதென்றால்

வட துருவத்திலிருந்து சுமார் 1,300 கிலோமீட்டரில் இருக்கிறது லாங்யர்பியன். நார்வேயின் வடகோடித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்கு விமானத்தில் போகிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். பழைய சுரங்கம், விலங்குகள், பனியாறு மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும்: பிரமிடன், நி-ஓலெசுண்ட். இரண்டுமே நிலக்கரி ஊர்கள். ஒன்றை அப்படியே விட்டுப் போய்விட்டார்கள், இன்னொன்றை விஞ்ஞானிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

படம் எடுக்கப் போகிறவர்களுக்குப் பிரமிடன்தான். 1910இல் ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய ஊர் இது. 1927இல் சோவியத் கைக்கு மாறியது. நன்றாக இருந்த காலத்தில் ஆயிரம் பேர் வரை வாழ்ந்தார்கள். நீச்சல் குளம், இசைக்கூடத்தில் பெரிய பியானோ, நடுவில் லெனின் சிலை என்று எல்லாம் இருந்தது. 1998 மார்ச் 31இல் கடைசி நிலக்கரியை வெட்டி எடுத்ததோடு கதை முடிந்தது. லெனின் மட்டும் இன்னும் எதிர்க்கரையின் நூர்டன்ஷோல்ட் பனியாற்றைப் பார்த்தபடி நிற்கிறார். குளிரும் வறண்ட காற்றும் மரத்தையும் சுவரையும் சீக்கிரம் அழியவிடுவதில்லை.

அங்கே என்னை ஈர்ப்பது சிலையைவிட ஜன்னல்கள்தான். தொழிலாளர் குடும்பங்கள் இருந்த செங்கல் கட்டடத்தின் ஜன்னல் விளிம்புகளில் கிட்டிவேக் பறவைகள் வரிசையாகக் கூடு கட்டியிருக்கின்றன. கடலோரப் பாறை விளிம்பில் முட்டையிடும் பறவை, மனிதன் கட்டிய சுவரையும் பாறையாகவே எடுத்துக்கொண்டது. கோடையில் ஆளில்லாத தெருவில் அவற்றின் கூச்சல்தான் ஊரின் சத்தம்.

நி-ஓலெசுண்ட் வேறு மாதிரி. 1962 நவம்பரில் சுரங்கத்தில் வெடிப்பு, 21 பேர் இறந்தார்கள். சிலருடைய உடல்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. மறு வருடம் சுரங்கத்தை மூடினார்கள். அந்த விபத்து நார்வேயில் ஆட்சியையே கவிழ்த்தது. இன்று அது ஆராய்ச்சி ஊர். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையமும் 2008இலிருந்து அங்கே இருக்கிறது. வானொலித் தொலைநோக்கிகளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதால் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். நிலக்கரி இழுத்த குட்டி ரயில் துறைமுகத்தருகே நிற்கிறது. 1926இல் நார்வே துருவப் பயணி ஆமுண்ட்சென் துருவத்தைத் தாண்டிப் பறந்த ஆகாயக் கப்பலைக் கட்டிவைத்த கம்பமும் அப்படியே இருக்கிறது. சாலையோரத்தில் ஆலா என்ற கடற்பறவைகள் முட்டையிடும். கிட்டே போனால் நேராகத் தலையில் கொத்த வரும், அதனால் கையில் ஒரு குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பது நல்லது.

சுரங்க மிச்சம் மட்டும்தான் கணக்கு என்றால் பிரமிடன் ஜெயிக்கும். ஆனால் என் ஓட்டு நி-ஓலெசுண்டுக்கு. காரணம், ஊருக்கு எதிரே கோங்ஸ்ஃபியார்ட் என்ற கடற்கழியின் அக்கரையில் இருக்கும் புளூம்ஸ்ட்ராண்ட். 1911 வாக்கில் எர்னஸ்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் அங்கே பளிங்குச் சுரங்கம் போட்டார். லண்டன் என்றே அந்த முகாமுக்குப் பெயர். காலங்காலமாக உறைபனி உள்ளுக்குள்ளேயே பிளந்து வைத்திருந்த கல் அது, வெட்டி எடுத்த பிறகு பயன்படவில்லை. பளிங்கு போயிற்று. நீராவிக் கொதிகலனும் பாரந்தூக்கியும் கரையிலேயே துருப்பிடித்துக் கிடக்கின்றன. வீடுகளில் சிலவற்றை நி-ஓலெசுண்டுக்கே தூக்கி வந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த இடத்தை வரைபடங்கள் தீபகற்பம் என்றுதான் சொல்லிவந்தன. பனியாறு பின்வாங்கியபோது அதற்கும் பெருநிலத்துக்கும் நடுவே கடல் வந்து நின்றது. அது தீவு என்று அப்புறம்தான் தெரிந்தது. பனி உருகுவதைப் பற்றி எத்தனை படித்தாலும், ஒரு நிலத்தின் வடிவமே மாறியதைக் கண்ணால் பார்ப்பது மனதை வேறு விதமாகத் தைக்கிறது.

சரி, சிரமம் எதில் குறைவு? பிரமிடனில்தான். லாங்யர்பியனிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் போல. கோடையில் படகு, குளிரில் ஸ்னோமொபைல், ஒரே நாளில் திரும்பிவிடலாம். நி-ஓலெசுண்ட் அதைப்போல் இரு மடங்குத் தொலைவு. பெரும்பாலும் கப்பலில்தான் போவார்கள், செலவும் கூடும். பனிக்கரடி பயம் இரண்டிலும் ஒன்றுதான், ஊர் எல்லையைத் தாண்ட துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டி வேண்டும். குட்டைக்கால் கலைமானை இரண்டு பக்கமும் பார்க்கலாம்.

நி-ஓலெசுண்ட் என்று முடிவு செய்தால், பணம் கட்டும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: கப்பல் புளூம்ஸ்ட்ராண்டில் இறக்கிவிடுமா, தூரத்திலிருந்து காட்டிவிட்டுப் போய்விடுமா? அந்தக் கொதிகலனுக்குப் பக்கத்தில் போய் நிற்காமல் திரும்பாதீர்கள்.