‘இணைப்பு பயோவில்’: பூட்டிய நூலகத்தைக் கைபேசியில் பயன்படுத்துவது பற்றி

“புதுப்பிப்பு வேலைக்காக நூலகத்தைச் சில வாரம் மூடுறாங்களாம். எந்தக் கணக்கைப் பின்தொடர்ந்தா போதும், அண்ணே?” என்று பகுதிநேரமாகப் பட்டப்படிப்பு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். டெலிகிராம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் மற்றவற்றில் எங்கெங்கே சிக்கிக்கொள்வார் என்பதையும் சொன்னால்தான் அது உருப்படியான பதில்.

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக நூலகங்களுக்குச் சமூக ஊடகமே வாசலாகிப்போனது 2020-ல். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர், அதாவது கொவிட் முடக்கம். தேர்வுகளும் அந்த ஏப்ரல் கடைசியில்தான் வந்தன. அன்றைய அவசரத்தில் தொடங்கிய பழக்கங்கள் பல, நல்லதும் கெட்டதுமாக, இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன.

கெட்டதில் முதலிடம் படமாக வரும் அறிவிப்புக்கு. சதுரப் படம், நடுவில் பெரிய எழுத்தில் ‘மூடப்பட்டுள்ளது’. இரவல் புத்தகத்தை எப்போது திருப்பித் தருவது, முன்பதிவு செய்த புத்தகம் என்னவாகும், மின்னூல் எந்த முகவரியில் என்ற மூன்றும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். படத்துக்குள் இருக்கும் முகவரியைத் தொட்டால் ஒன்றும் திறக்காது. படத்துக்குக் கீழே எழுதினாலும் இன்ஸ்டகிராம் அதைத் தொடக்கூடிய இணைப்பாக மாற்றாது. அதனால்தான் கணக்கின் தன்குறிப்பில் இருக்கிறது என்ற பொருளில் ‘இணைப்பு பயோவில்’ என்று எழுதுகிறார்கள். பயோவில் போய்ப் பார்த்தால் பத்து இணைப்புகள் வரிசையாக நிற்கும். தேடுவது எது என்று தெரியாது. பார்வைக் குறைபாடு உள்ள மாணவரின் திரைவாசிப்பான் அந்தப் படத்தில் இருக்கும் தேதியைச் சரியாகப் படிக்கும் என்று நம்பவே முடியாது. படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரையைச் சேர்க்கும் வசதி இன்ஸ்டகிராமிலேயே இருக்கிறது, ஒரு நிமிட வேலை. செய்யாமல் விடுவதை மன்னிக்க மனம் வரவில்லை.

ஸ்டோரியில் போடுவது இன்னும் மோசம். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஹைலைட்டில் சேர்த்து வைத்தால் ஒழிய. 2021 அக்டோபர் வரை பத்தாயிரம் பின்தொடர்வோர் அல்லது சரிபார்க்கப்பட்ட கணக்கு இருந்தால்தான் ஸ்டோரியில் இணைப்பே வைக்க முடியும். ஆகவே 2020-ல் நூலகங்கள் திணறியதற்கு நியாயம் உண்டு. இப்போது எல்லாக் கணக்குக்கும் இணைப்பு ஸ்டிக்கர் இருக்கிறது, அந்த நியாயம் செல்லாது. சாதாரணப் பதிவும் வந்த வரிசையில் கண்ணில் படுவதில்லை. ‘இன்று மாலை 5 மணி வரை மட்டும்’ என்ற பதிவு இரண்டு நாள் கழித்து மேலே வந்து நிற்கும். பதிவில் ‘இன்று’ என்று எழுதாமல் தேதியை எழுதினால் பாதித் தொல்லை தீரும்.

சரி, இணைப்பு கிடைத்துவிட்டது. தொட்டதும் கட்டுரை திறக்காமல் பதிப்பகம் பணம் கேட்கிறதா? பதிவு போட்டவர் வளாகத்துக்குள் இருந்தபடி முகவரிப் பட்டையில் இருந்ததை அப்படியே நகலெடுத்திருப்பார். வளாக இணையத்தில் அது தானாகத் திறக்கும், வீட்டிலிருந்து திறக்காது. வெளியே இருப்பவரை நூலகத்தின் வழியாக அனுப்பும் பிராக்ஸி முன்னொட்டு முகவரிக்கு முன்னால் இருந்தால்தான் உள்நுழைவுப் பக்கம் வரும். கட்டுரையின் டிஓஐ எனப்படும் நிரந்தர முகவரியை எடுத்து அதற்கு முன் முன்னொட்டைச் சேர்ப்பதே சரியான வழி. தேடல் முடிவுப் பக்கத்தின் நீண்ட முகவரியை எடுத்தால் அந்த அமர்வு முடிந்ததும் இணைப்பும் செத்துவிடும்.

உள்நுழைவுப் பக்கம் வந்த பிறகும் ஒரு பொறி உண்டு. இன்ஸ்டகிராமும் ஃபேஸ்புக்கும் இணைப்பைத் தங்களுக்குள்ளேயே இருக்கும் உலாவியில் திறக்கின்றன. குரோமிலோ சஃபாரியிலோ நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பது அதற்குத் தெரியாது. கடவுச்சொல் போடுவீர்கள், இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தலுக்கு வேறு செயலிக்குத் தாவுவீர்கள், திரும்பி வரும்போது அந்தப் பக்கம் புதிதாக ஏறி மறுபடி கடவுச்சொல் கேட்கும். மூன்று முறை இப்படி நடந்தால் நூலகத்தின் மின்வளமே பழுது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இணைப்பைத் தொட்டதும் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, வெளி உலாவியில் திறக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

மின்னூலுக்கு வருவோம். நூலகம் வாங்கும் உரிமம் ஒரே நேரத்தில் ஒருவருக்கு, மூவருக்கு, எத்தனை பேருக்கும் என்று வகைவகையாக இருக்கிறது. ஒருவர் மட்டுமே படிக்கக்கூடிய பாடநூலை ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் பதிவில் அறிவித்தால், முதலில் நுழைந்தவரைத் தவிர எல்லாருக்கும் கதவடைப்புத்தான். ‘ஒரு நேரத்தில் மூவர், வேண்டிய இயலை மட்டும் பதிவிறக்கிக்கொண்டு வெளியேறுங்கள்’ என்று எழுதும் நூலகர் உண்மையில் உதவுகிறார். வெளியேறு பொத்தானை அழுத்தாமல் பக்கத்தை மட்டும் மூடினால், சில தளங்களில் கொஞ்ச நேரம் வரை உங்கள் இடம் பிறருக்குக் கிடைக்காது.

டெலிகிராம் சேனலில் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை இல்லை. எதிர்பாராமல் மனம் குளிர்ந்த இடமும் அதுதான். பதிவுகள் தேதி வரிசையில் இருக்கின்றன, பழையவற்றைத் தேடலாம், உரை உரையாகவே இருக்கிறது. நன்றாக நடத்தப்படும் சேனலில் மேலே ஒரே ஒரு செய்தியைப் பொருத்தி வைத்திருப்பார்கள். நேரம் மாறினால் புதிய அறிவிப்பு போடாமல் அந்தச் செய்தியையே திருத்துவார்கள். பொருத்திய செய்தியைப் பார்த்தால் போதும், முரண்பட்ட மூன்று அறிவிப்புகளில் எது கடைசி என்று குழம்ப வேண்டியதில்லை.

இனி தமிழ் படிப்பவர்களுக்கு. கட்டடம் திறந்திருந்தால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வகைப்பாட்டைப் பின்பற்றும் நூலகங்களில் பிஎல் 4758 அலமாரி முன் போய் நின்றால் தமிழ் இலக்கியம் முழுவதும் கண்முன் இருக்கும். மூடிவிட்டால் நூலகத்தின் இணையப் பட்டியல்தான் கதி. அந்தப் பட்டியலின் பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ் எழுத்தே இருக்காது, ஆங்கில எழுத்துப்பெயர்ப்பு மட்டும்தான். அதுவும் நாம் வழக்கமாக எழுதுகிற மாதிரி இல்லை. சகரத்துக்கு ஆங்கில ‘சி’ (c) எழுத்து, ககரம் எங்கு வந்தாலும் ‘கே’ (k), தகரத்துக்கு ‘டி’ (t) மட்டும், ‘எச்’ (h) சேர்க்கக் கூடாது. ஆக ‘சிங்கப்பூர்’ என்று தொடங்கும் தமிழ்த் தலைப்பைத் தேட சி, ஐ, என், கே, ஏ, பி, பி, யு, ஆர் (cinkappur) என்று அடிக்க வேண்டும். வழக்கமான எழுத்துக்கூட்டில் தேடிவிட்டு ‘நூலகத்தில் தமிழ்ப் புத்தகமே இல்லை’ என்று முடிவுகட்டியவர்கள் எத்தனை பேரோ! இந்த நாலு விதியை ஒரு பதிவாகப் போட்ட நூலகக் கணக்கு இதுவரை கண்ணில் படவில்லை. போடாததுதான் பெரிய குறை. தமிழ் நூல்களில் மிகப் பல மின்னூலாகப் பல்கலைக்கழகங்களுக்கு விற்கப்படுவதும் இல்லை என்பதால், பட்டியலில் கண்டுபிடித்து ஓர் இயலை மின்படி எடுத்துத் தரச் சொல்வதே வழி. காப்புரிமை அனுமதிக்கும் அளவுக்குத் தருவார்கள்.

தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில், 2015-ல் வெளியான தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பு வழியாகச் சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். நூலகம் மூடும் வாரத்தில் பல்கலைக்கழகக் கணக்குகள் இந்த ஒரு முகவரியைப் பகிர்ந்தாலே பெரிய உபகாரம். கொவிட் காலத்தில் சிங்கப்பூர் அரசின் கவ்.எஸ்ஜி வாட்ஸ்அப் செய்திகள் நான்கு மொழியிலும் வந்தன. தமிழ் நூல் சேர்க்கும் நூலகம் தமிழில் ஒரு வரி எழுதுவது கூடாத காரியமல்ல.

தனிச்செய்தியிலோ அரட்டையிலோ கேட்டால் நூலகர்கள் பொறுமையாகத் தேடி, பட்டியல் எழுத்துக்கூட்டையும் நிலையான இணைப்பையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். நூலின் பெயரோடு ஆசிரியர், ஆண்டு, வேண்டிய பக்கம் மூன்றையும் முதல் செய்தியிலேயே எழுதுங்கள். ஒரு நாள் மிச்சமாகும். அந்த உழைப்புக்கு ஐந்துக்கு ஐந்து.

ஆனால் மொத்தத்துக்கு இன்று இரண்டுக்கு மேல் தர மனமில்லை. தம்பி கேட்ட அந்த மூடல் அறிவிப்பும் படமாகத்தான் வந்திருக்கிறது. கீழே ‘இணைப்பு பயோவில்’. பயோவில் இருப்பது போன மாதம் நடந்து முடிந்த பயிலரங்கின் பதிவுப் படிவம்.