பழைய டூரிங் பைக்குக்கு எந்த டயர்? பல வருஷ ஓட்டத்தில் தெரிந்துகொண்டது

நான் ஓட்டுவது பிஎம்டபிள்யூ கே100 ஆர்டி, நெடும்பயணத்துக்கான டூரிங் பைக். 1980களின் வண்டி. நாலு சிலிண்டர், 987 சிசி, செயினுக்குப் பதில் ஷாஃப்ட். எஞ்சினைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நாள் போதாது, அதனால் இங்கே டயர் மட்டும். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது “எது அதிகக் கிலோமீட்டர் வரும்?” என்றுதான். பல செட் டயர் மாற்றிய பிறகு சொல்கிறேன், அதைக் கடைசியில் கேட்டால் போதும். முதலில் பார்க்க வேண்டியது அளவு, உள் கட்டமைப்பு, சுமைக் குறியீடு, தயாரித்த தேதி. இந்த நாலையும் பார்த்து வடிகட்டினால் பழைய வண்டிக்கு மிஞ்சுவது நாலைந்து டயர்தான்.

வண்டி என் கைக்கு வந்தபோது அதிலிருந்த டயரில் பட்டன், அதாவது தரையைத் தொடும் மேடு பள்ளக் கட்டைகள், நிறைய இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் புதுசு என்றே தோன்றும். உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு. பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு சின்ன நீள்வட்டக் கட்டம், அதில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், சக்கரத்தைச் சுற்றிவந்து தேட வேண்டும். நான் தேடிக் கண்டுபிடித்த எண் பத்து வருஷத்தைத் தாண்டியிருந்தது. பட்டன் இடுக்கின் அடியில் நகத்தை வைத்து அழுத்தினேன், ரப்பர் கொஞ்சமும் உள்ளே போகவில்லை. இடுக்கை விரித்துப் பார்த்தால் மயிரிழை போல விரிசல்கள். அந்த டயரில் ஒரு நெடும்பயணம்கூடப் போகவில்லை. ஐந்து வருஷம் ஆனபின் வருஷத்துக்கு ஒருமுறை நன்றாகச் சோதியுங்கள், பத்து வருஷம் ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்று மிஷெலின் போன்ற தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். டூரிங் பைக்குகள் மாதக்கணக்கில் நின்றுகொண்டே கிடப்பதால் இது இவற்றுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

அளவு: முன்னால் 100/90-18, பின்னால் 130/90-17. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். ரிம் அகலம் முன்னால் 2.50 அங்குலம், பின்னால் 2.75. இன்றைய பைக்குகளைப் பார்த்துவிட்டு, “பின்னால் கொஞ்சம் அகலமாகப் போடலாமே” என்று ஆசைப்படுபவர்கள் இந்த ரிம் அகலத்தைத்தான் கவனிக்க வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபட்டு நடு மேடாகிவிடும். சாய்க்கும்போது வண்டி திடீரென்று விழுவது போல ஒரு உணர்வு வரும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பக்கம் இடைவெளியும் குறையும். பார்வைக்குக் கம்பீரம் கிடைக்கலாம், ஓட்டத்தில் நஷ்டம்தான். இன்னும் பழைய வண்டிகளில் அளவே வேறு மாதிரி எழுதியிருக்கும். எம்டி90-16 என்றிருந்தால் அது இன்றைய 130/90-16.

டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் எண்தான் சுமைக் குறியீடு, அதைப் பலர் பார்ப்பதே இல்லை. எனக்கு இது ரொம்ப முக்கியம். என் வண்டி மட்டுமே 250 கிலோவுக்கு மேல். இரண்டு பேர், பக்கப் பெட்டிகள், பின்பெட்டி, டேங்க் மேல் ஒரு பை என்று கிளம்பினால் மொத்தம் 450 கிலோவை எட்டிவிடும். பின்னால் உட்காருபவரின் எடையும் பெட்டிகளின் எடையும் பெரும்பாலும் பின் டயர் மேல்தான். குறியீடு 68 என்றால் அந்த டயர் 315 கிலோ தாங்கும், 64 என்றால் 280 கிலோ. அளவு ஏறக்குறைய பொருந்துகிறது என்று 64 போட்ட டயரை மாட்டினால், முழுச் சுமையில் அது தன் எல்லையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சூடு ஏறும், பக்கச் சுவர் களைக்கும். கூடவே வரும் எழுத்து வேகத்துக்கு. எச் என்றால் 210, வி என்றால் மணிக்கு 240 கி.மீ. அந்த வேகத்தில் நாம் போகப் போவதில்லை என்றாலும் வண்டி கேட்கிற எழுத்துக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

அடுத்தது உள் கட்டமைப்பு, பயஸா ரேடியலா? டயருக்குள் இருக்கும் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்வாக ஓடினால் பயஸ், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடினால் ரேடியல். என் வண்டியின் காலத்தில் இந்த அளவுகளில் வந்தது பயஸ். ஃபிரேமும் சஸ்பென்ஷனும் அதன் கெட்டியான பக்கச் சுவரைக் கணக்கில் வைத்தே அமைக்கப்பட்டவை. பழைய 18, 19 அங்குலச் சக்கரங்களுக்கென்றே கான்டினென்டல் ‘கிளாசிக் அட்டாக்’ என்று ரேடியல் செய்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் இரண்டு சக்கரத்துக்கும் அதையே போட வேண்டும். முன்னால் ரேடியல், பின்னால் பயஸ் என்று கலப்பது கூடவே கூடாது. கனமான டூரிங் பைக்கில் பின்னால் கார் டயர் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு, நீண்ட நாள் உழைக்கிறது என்பது அவர்கள் வாதம். பைக் ரிம்மும் கார் டயரும் கவ்வும் விளிம்பின் வடிவம் வேறு, சாயும்போது தரையைத் தொடும் விதமும் வேறு. நான் அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இனி ஓட்டிப் பார்த்தது. முதலில் போட்டது கெட்டி ரப்பர் டயர், நீண்ட ஆயுள் என்று பெயர் எடுத்தது. ஆயுள் உண்மைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் மழை ஈரத்தில் சாலையின் வெள்ளைக் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் பின்பக்கம் ஒரு நொடி நழுவி மறுபடி பிடிக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அந்த நொடி ரொம்ப நீளமானது. அது தேய்ந்து முடியும் வரை காத்திருக்காமல் மாற்றினேன்.

பிறகு வந்தது பிரிட்ஜ்ஸ்டோன் பேட்லாக்ஸ் பிடி-45, அதன்பின் அதே வரிசையில் பிடி46. பிடி46 பின் டயரில் சிலிகா அதிகம் சேர்த்த ரப்பர். ஈரத்தில் அந்த வித்தியாசம் முதல் மழையிலேயே தெரிந்தது. த்ராட்டிலைத் தைரியமாகத் திருக முடிகிறது, பிரேக்கில் பின்சக்கரம் அடங்கி நிற்கிறது. சுமையோடு ஓட்டும் எனக்குப் பின் டயர் சுமார் 10,000 கி.மீ. வரை நன்றாக இருக்கும், முன் டயர் அதைவிடக் கூட வரும். கெட்டி டயரோடு ஒப்பிட்டால் குறைவுதான். அந்தக் குறைவை நான் மனசாரச் சம்மதித்து ஏற்கிறேன்.

நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டியில் பின் டயரின் நடு தட்டையாகிவிடும். அதன்பிறகு வளைவில் சாய்க்கும்போது ஒரு படி இறங்குவது போல இருக்கும். பட்டன் மிச்சம் இருந்தாலும் எனக்கு அங்கே அந்த டயர் முடிந்தது. முன் டயரைச் சோதிக்கக் கைதான் கருவி: உள்ளங்கையை டயர் மேல் ஒரு திசையில் தடவுங்கள், பிறகு எதிர்த் திசையில். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால் தேய்மானம் சீராக இல்லை என்று அர்த்தம். காற்று குறைவாக ஓட்டியிருக்கலாம், அல்லது முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் எண்ணெய் பழசாகியிருக்கும், ஹேண்டில்பார் பேரிங்கில் ஆட்டம் இருக்கும். புது டயர் போடுவதற்கு முன் அதைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த டயரும் அதே வழிதான்.

காற்றைப் பொறுத்தவரை, பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு. ஓட்ட வேண்டிய அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும், தனியாகப் போக ஒன்று, இருவர் சுமையோடு போக ஒன்று. வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் இறங்கினாலே 1 முதல் 2 பிஎஸ்ஐ வரை குறையும், அதனால் பருவம் மாறும்போது நான் கட்டாயம் பார்ப்பேன்.

மாற்றும்போது ரப்பர் வால்வையும் சேர்த்துப் புதுசாகப் போடச் சொல்லுங்கள், பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். சுழலும் திசைக்கான அம்புக்குறியை நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். என் வண்டியில் பின் சக்கரம் கார் சக்கரம் மாதிரி போல்ட்டைக் கழற்றியதும் வந்துவிடுவதால் சக்கரத்தை மட்டும் எடுத்துப் போகிறேன். புது டயரில் முதல் 150 கி.மீ. வரை வேகமாகச் சாய்ப்பதில்லை, திடீர் பிரேக்கும் இல்லை. அடுத்த முறையும் பின்னால் இதே பிடி46தான், தேதி ஒரு வருஷத்துக்குள் இருந்தால்.