செம்மண் பூச்சுக்குள் நூற்புழு: ‘நேர்த்தி செய்த’ வாழைக்கன்று வாங்குவோர் கவனத்துக்கு

களக்காடு பக்கம் ஏத்தன் (நேந்திரன்) வாழை நடவுக்கு, ‘மருந்து நேர்த்தி செய்தது’ என்று கூடுதல் விலை வாங்கிக்கொண்டு ஒரு வியாபாரி எங்களுக்கு இறக்கிய கன்றுகள் முழுக்கச் செம்மண் குழம்பு. கழுவிப் பார்த்தால் பழைய வேரைக்கூடச் சீவவில்லை. வேரை நீளவாக்கில் பிளந்தால் மேல்சதை எங்கும் செம்பழுப்புத் திட்டு, நடுநரம்பு மட்டும் வெள்ளை. வேருக்குள் புகுந்து சதையைத் தின்னும், கண்ணுக்குத் தெரியாத துளைக்கும் நூற்புழு தாக்கிய வேர் இப்படித்தான் இருக்கும். என்ன மருந்து என்றதற்கு ‘போரேட்’ என்றார். 2020 டிசம்பர் 31 முதல் அது தடை செய்யப்பட்ட மருந்து! பணமும் திரும்பவில்லை.

மண் குழம்பு மருந்தே அல்ல. சீவிய கிழங்கில் குருணை (மணி மணியான) மருந்து ஒட்டிக்கொள்வதற்கான பசை, அவ்வளவுதான். சீவாத கிழங்கில் பூசினால் புண்ணை மறைக்க மட்டுமே உதவும். அதனால் பூசிய கன்றை வாங்கவே வேண்டாம். வயலில் தோண்டும்போதே போய் நின்று, ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள ஈட்டி இலைக் கன்றாக (ஈட்டி போல இலை குறுகியது) பொறுக்குங்கள். காற்றில்லாமலே மரம் வேரோடு சாய்ந்து கிடக்கும் தோட்டமா, அங்கே நூற்புழு இருக்கலாம், கன்று எடுக்காதீர்கள்.

வாங்கியதும் வேர் முழுவதையும் அறுத்து, கிழங்கை வெள்ளைச் சதை தெரியும்வரை சீவுங்கள். கறுப்பு உள்ளே ஆழமாகப் போனால் அந்தக் கன்றே வேண்டாம். சீவல்களை வாய்க்காலில் போட்டால் புழு பாசன நீரோடு அடுத்த வயலுக்கும் போகும், எரித்துவிடுங்கள்.

பிறகு 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம். கை வைத்துப் பார்த்துக் கணக்கிட முடியாது, வெப்பமானி கட்டாயம். சூடு ஏறினால் குருத்து வெந்துவிடும், குறைந்தால் புழு பிழைத்துவிடும். கன்றை இறக்கியதும் தண்ணீர் சட்டென்று ஆறும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, 55ஐத் தொட்ட பிறகே நேரத்தை எண்ணுங்கள். நேர்த்தி செய்ததைப் பழைய வாழை மண்ணில் குவிக்காதீர்கள்.

திசு வளர்ப்புக் கன்றிலும் ‘நூற்புழுவே வராது’ என்று விற்கிறார்கள். ஆய்வகத்திலிருந்து சுத்தமாகத்தான் வரும். நாற்றங்கால் பையில் நிரப்பும் மண்ணில் புழு இருந்தால் அங்கேயே ஏறிவிடும். பையைக் கிழித்து வேரைப் பாருங்கள்.

ஏற்கெனவே நட்டுவிட்டவர்கள் மரத்துக்குக் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு வைத்து, ஊடே சணப்பு (பசுந்தாள் உரப் பயிர்) விதைத்து 45 நாளில் மடக்கி உழுங்கள். புழு குறையும், அடியோடு ஒழியாது. அந்த வயலில் மறுதாம்பு (வெட்டிய மரத்தின் பக்கக் கன்றையே அடுத்த பயிராக) விடாமல், அடுத்த போகம் நெல் போட்டுத் தண்ணீர் கட்டுவது நல்லது.

சோதனைக்கு, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, அரை முதல் ஓர் அடி ஆழத்தில் வேரோடு ஈர மண் எடுத்து, பாலித்தீன் பையில் கட்டி, நிழலிலேயே வைத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலோ கேளுங்கள். உரச் சோதனைக்குப் போல வெயிலில் காயவைத்தால் புழு செத்து, முடிவு தப்பாக வரும்.