மேல் வீடா கீழ் வீடா: ஆறு மைக் வட்டத்தட்டு ரிவியூ

சத்தம் எங்கருந்து வருதுன்னு ஏஐ சொல்லிடும்னு விளம்பரம் பாத்து ஆன்லைன்ல வாங்கினது இது, 300 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கொஞ்சம் கீழ. பிராண்டு பேரு போடல, ஒரே அச்சுல இருக்கறத வேற வேற பேர்ல விக்கறாங்க, எது ஒரிஜினல்னு யாருக்குத் தெரியும். சின்ன ஊத்தப்பம் சைஸ்ல ஒரு தட்டு, ஓரத்தச் சுத்தி ஆறு மைக், யூஎஸ்பி வயர லேப்டாப்ல சொருகிட்டா ஸ்கிரீன்ல ஒரு வட்டம் வரும், சத்தம் எந்தப் பக்கமோ அங்க சிவப்புப் புள்ளி. வைஃபை ஆஃப் பண்ணிட்டும் ஓடுது, அது ஒண்ணு நிம்மதி, வீட்டுல பேசறது எங்கயோ ஒரு சர்வருக்குப் போகல.

எதுக்கு வாங்கினேன்னா எச்டிபில, அதாவது சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடி வீட்டுல, இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், ராத்திரி 11 மணிக்கு மேல சீலிங்ல கோலிகுண்டு விழுந்து உருள்ற சத்தம். மேல் வீட்டு ஆன்ட்டிகிட்ட மரியாதையா கேட்டா அவங்களுக்கும் மேலருந்துதான் கேக்குதாம், சின்னப் பிள்ளைங்களே அந்த வீட்டுல இல்ல. சரி மெஷின் சொல்லட்டும்னு விட்டேன்.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். திறந்த வெளில இது கில்லாடி. விடியக்காலைல கத்தற குயில் இருக்கே, தமிழ்நாட்டுல ரசிப்பாங்க, இங்க சிங்கப்பூர்ல எங்க செங்காங் பக்கம் பாதிப் பேரு திட்டுவாங்க, அது எந்த மரத்துலன்னு காரிடார்ல தட்ட வச்சுப் பாத்தேன், புள்ளி ஆடாம அசையாம கார்பார்க் ஓரத்து மரத்தக் காட்டுச்சு, கொஞ்ச நேரத்துல குயில் அங்கருந்துதான் பறந்துச்சு. ஹால்ல நாலு பேரு பேசினாலும் யாரு பேசறாங்கன்னு புள்ளி மாறி மாறிப் போகுது, மீட்டிங் ரூமுக்கு வாங்கறவங்க கண்ண மூடிட்டு வாங்கலாம்.

இது எப்படி வேல செய்யுதுன்னா, எதிரெதிர் மைக்குக்கு நடுவுல 7 சென்டிமீட்டர், சிங்கப்பூர் வெக்கைல சத்தம் காத்துல நொடிக்கு சுமார் 349 மீட்டர் போகும், அப்ப ஒரு மைக்குக்கும் இன்னொண்ணுக்கும் வர்ற வித்தியாசம் அதிகபட்சம் ஒரு நொடில 5000ல ஒரு பங்கு. மைக் சத்தத்த நொடிக்கு 16000 தடவ அளந்தா, ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள், அந்த வித்தியாசம் வெறும் மூணு சாம்பிள்தான். அதுக்குள்ளதான் திசைய கண்டுபிடிக்கணும். பழைய வழி ஜிசிசி ஃபேட், 1976ல நாப்பும் கார்ட்டரும் எழுதினது, ரெண்டு மைக் சிக்னல ஒண்ணுமேல ஒண்ணு நகத்திப் பாத்து எங்க பொருந்துதுன்னு தேடும். காலியான இடத்துல அருமையா ஓடும், டைல்ஸ் தரையும் வெறும் செவுருமா இருக்கற நம்ம வீட்டுல எதிரொலி வந்து குழப்பிடும். நியூரல் நெட்வொர்க், அதாவது உதாரணத்தப் பாத்துப் பழகற ஏஐ, அங்கதான் கை குடுக்குது, எதிரொலியோட கலந்த சத்தத்த எக்கச்சக்கமா கேட்டுக் கேட்டு நேரா வர்றது எது செவுத்துல பட்டு வர்றது எதுன்னு பழகிக்குது. நம்ம நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆளுங்களே 2021ல சால்சான்னு ஒரு முறைய வெளியிட்டாங்க, ஒவ்வொரு நேரத்துக்கும் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் சத்தத்தோட அளவையும் திசைக்கான தடயத்தையும் சேத்து அடுக்கி நெட்வொர்க்குக்குக் குடுக்கறது, ஒரே நேரத்துல ரெண்டு மூணு சத்தம் கேட்டாலும் பிரிக்கறதுக்கு அது நல்ல வழி. இந்தத் தட்டுக்குள்ள என்ன மாடல் ஓடுதுன்னு மேனுவல்ல ஒரு வரி கூட இல்ல, ஏஐன்னு மட்டும் பெருசா போட்டிருக்கு.

இப்ப கோலிகுண்டுக்கு வருவோம். தட்ட மேசைல படுக்க வச்சா எல்லா மைக்கும் ஒரே மட்டத்துல இருக்கு, அப்ப 30 டிகிரி மேலருந்து வர்ற சத்தமும் 30 டிகிரி கீழருந்து வர்ற சத்தமும் ஆறு மைக்குக்கும் அதே நேர வித்தியாசத்துலதான் வந்து சேரும். என்ன நெட்வொர்க் போட்டாலும் மைக்குக்கு வராத தகவல எங்கருந்து எடுக்கும்? அதாவது மேல் வீடா கீழ் வீடாங்கற ஒரே கேள்விக்குத்தான் இந்த டிசைன்ல பதிலே கிடையாது, ஆனா பாக்ஸ் மேல அடுக்குமாடிப் படம்தான் போட்டு விக்கறான். தட்ட நிமித்தி ஸ்டாண்டுல நிக்க வச்சுப் பாருங்க, அப்ப மேல கீழ தெரியும், பதிலுக்கு முன்ன பின்ன குழம்பும், செவுத்து ஓரமா வச்சா பின்னாடி செவுருதானேன்னு அத விட்டுடலாம்.

நிமித்தி வச்சும் ராத்திரி புள்ளி ஒரு தடவ சீலிங் நடுவுல, அடுத்த தடவ ஜன்னல் மூலைல, அப்புறம் பாத்ரூம் பக்கம். மெஷின் ரிப்பேர்னு நெனைக்காதீங்க, சத்தமே அப்படித்தான் வருது. கான்கிரீட்ல சத்தம் நொடிக்கு 3000 மீட்டருக்கு மேல ஓடும், எங்கயோ ஒரு இடத்துல டொக்குன்னா சீலிங்கும் செவுரும் சேந்து அதிர்ந்து மொத்தமா ரூமுக்குள்ள சத்தத்தக் கொட்டும். தட்டு காட்டறது சத்தம் என் ரூமுக்குள்ள எந்தப் பக்கத்துலருந்து நுழையுதுன்னு, எங்க பொறந்துச்சுன்னு இல்ல. இந்த மாதிரி மாடலுங்க பெரும்பாலும் கம்ப்யூட்டர்ல கட்டின பெட்டி ரூம்ல, காத்துல வர்ற சத்தத்த வச்சுப் படிச்சதுங்க, அதிர்ற சீலிங்க எங்க பாத்திருக்கும். எனக்கு எரிச்சல் என்னன்னா தெரியலன்னு ஒரு பட்டன் கூட இதுக்குக் கெடையாது, குயிலுக்குக் காட்டின அதே அழுத்தமான சிவப்புல இதையும் காட்டுது. இந்த ஸ்கிரீன்ஷாட்ட எடுத்துட்டுப் போயி பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சண்டைக்கு நிக்கறவங்களும் இருப்பாங்க, தயவுசெஞ்சு வேண்டாம்.

எங்கம்மா பாத்ரூம் பைப் மேல கைய வச்சு, இதுதாண்டா அதிருதுங்கறாங்க. கொழாய சட்டுனு மூடினா தண்ணி போய் மோதி பைப்பே தட்டும், கோலிகுண்டு சத்தத்துக்குப் பலரும் சொல்ற காரணத்துல அதுவும் ஒண்ணு, அதனால அம்மா சொல்றதத் தள்ளிட முடியல.

மீட்டிங்குக்கு, பறவைக்கு, எந்த ஏர்கான் கம்ப்ரசர் கத்துதுன்னு பாக்கறதுக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார். மேல் வீட்டுச் சத்தத்துக்கு ஒண்ணு, அதுவும் ஸ்டாண்டு நல்லா இருக்கறதால. அந்த வேலைக்கு எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கற சிம் லிம் டவர்ல பீசோ டிஸ்க் கேளுங்க, அதிர்வ மின்சார சிக்னலா மாத்தற சின்ன வில்லை, சில்லறைக் காசுதான், அதிர்வ நேரா புடிக்கும், பைப்ல ஒண்ணு சீலிங் ஓரத்துல ஒண்ணு ஒட்டி ரெண்டையும் ஒரே ரெக்கார்டர்ல போட்டு எதுல மொதல்ல வருதுன்னு பாக்கலாம், நான் இந்த வாரம் அததான் ஒட்டப் போறேன்.