சதர்லாந்தின் சால்ட் தொலைநோக்கி: இரட்டை விண்மீன் ஆய்வுக்கு எப்படி?

தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்தில், சதர்லாந்து ஊரருகே உள்ள சால்ட் (SALT, Southern African Large Telescope) தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், அது எந்த வேலைக்கு ஏற்றது, எதற்கு ஏற்றதல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. புனேயிலுள்ள வானியல் ஆய்வு மையமான ஐயூகா நிறுவனமும் இதில் பங்குதாரர் என்பதால் இந்திய ஆய்வாளர்களுக்கும் இது பொருந்தும். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களில், துணை விண்மீனின் பொருளை இழுத்துக்கொள்ளும் வெண்குறுமீன்களை (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களை) மட்டும் மனத்தில் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

இதன் பெரிய பலம் வேகம். ஒரு மீட்டர் அளவிலான 91 அறுகோண ஆடிகள் சேர்ந்து ஏறத்தாழ 11 மீட்டர் அகலத்துக்கு ஒளியைத் திரட்டுவதால், மங்கலான இரட்டையைக்கூட சால்டிகாம் கேமராவால் நொடிக்குப் பல முறை பதிவுசெய்ய முடிகிறது. 2006இல் வெளியான முதல் அறிவியல் முடிவு எஃப்.எல். சீட்டி என்ற இரட்டையைப் பற்றியது. அதிலுள்ள வெண்குறுமீனின் காந்தப்புலம் மிக வலியது. ஆகவே வந்துசேரும் வாயு தட்டாகச் சுழலாமல், காந்தக் கோடுகளின் வழியே முனைகளருகே கொட்டி, சிறு திட்டுகளாகச் சுடர்விடுகிறது. துணை விண்மீன் குறுக்கே வரும்போது அத்திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைவதால், ஒளி வளைகோடு (நேரத்துக்கேற்ப ஒளி மாறுவதைக் காட்டும் வரைகோடு) வழுக்கி இறங்காமல் படிப்படியாக விழுகிறது. 112 மில்லிநொடி வரை நுணுக்கமாகப் பதிவுசெய்ததால்தான், திட்டுகளின் அளவு வெண்குறுமீனின் பரப்பில் 4 முதல் 7 பாகை என்று கணிக்க முடிந்தது. பத்து நொடிக்கு ஒரு படம் என்றிருந்தால் அந்தப் படிகள் கண்ணிலேயே பட்டிருக்காது.

குறை, கட்டமைப்பிலேயே இருக்கிறது. ஆடி எப்போதும் ஒரே உயரக் கோணத்தில் நிற்க, மேலே உள்ள கருவித்தொகுதி மட்டும் நகர்ந்து விண்மீனைப் பின்தொடர்கிறது. வான நடுக்கோட்டருகே உள்ள பொருளுக்கு ஒரு தடவைக்குச் சுமார் ஒரு மணி நேரமே கிடைக்கும், அங்கேயுள்ள எஃப்.எல். சீட்டியின் சுற்றுக்காலமோ 87 நிமிடம், ஆகவே ஒரு முழுச் சுற்றை ஒரே தடவையில் பார்த்துவிட முடியாது. போதாக்குறைக்கு, பின்தொடரும்போது ஆடியின் பயன்படும் பரப்பும் மாறிக்கொண்டே இருப்பதால், ஒப்பீட்டு விண்மீன் ஒன்று அதே படத்துக்குள் இல்லையென்றால் ஒளியளவை நம்புவதற்கில்லை. அதிவேக முறையில் ஒரு குறுகிய பட்டைக்குள்தான் இரண்டும் அடங்கியாக வேண்டும்.

நாம் நேரில் போக வேண்டியதில்லை. அங்குள்ள வானியலாளரே வரிசைப்படி பதிவுகளை எடுத்து அனுப்பிவிடுவார். அதனாலேயே மறைப்பு நிகழும் நிமிடத்தை நாமே கணக்கிட்டு, விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிடுவது அவசியம். முழுச் சுற்றையும் இடைவிடாமல் பார்க்க வேண்டுமானால், பொருள் போதிய பிரகாசம் உடையதாக இருக்கும்வரை, அதே இடத்திலுள்ள 1.9 மீட்டர் தொலைநோக்கிக்கு விண்ணப்பிப்பதே மேல்.