முழு நியமமா, எஸ்எம்ஈ நியமமா: மலையகத்துச் சிறு கம்பனிக்கு எது பொருந்தும்?

டிக்கோயா பக்கம் எங்கள் குடும்பக் கம்பனி ஒன்று இருக்கிறது. இருபது ஏக்கர் தேயிலை, அதற்கு மேல் சரிவில் டர்பன்டைன் மரங்கள், குத்தகைக்கு எடுத்து விடுதியாக நடத்தும் ஒரு பழைய பங்களா, லீசிங்கில் ஓடும் ஒரு லொறி. வேலையாட்கள் முப்பது பேருக்குள். பங்குதாரர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள், அதில் பாதிப் பேர் கொழும்பில். இந்தக் கம்பனியின் கணக்கை எந்த நியமத்தின்படி எழுதுவது என்று முடிவெடுக்க வேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. எஸ்எம்ஈ நியமத்தை, அதாவது சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான கணக்கு நியமத்தை, தேர்ந்தோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். எங்களைப் போன்ற கம்பனிக்கு அதுவே சரி என்று நினைக்கிறேன், ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எது எதற்கு இடையே தேர்வு என்பது. ஒரு பக்கம் முழு இலங்கை நிதி அறிக்கையிடல் நியமங்கள். சர்வதேச நியமங்களோடு இணைந்து 2012 ஜனவரி 1 முதல் இங்கே நடைமுறைக்கு வந்தவை. மறு பக்கம் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கென்று அதே குடும்பத்திலிருந்து சுருக்கி எடுத்த தனி நியமம். இரண்டையும் வெளியிடுவது இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம்தான். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிக்கும் வங்கிக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் தேர்வே கிடையாது, முழு நியமம்தான். பொதுமக்களுக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பு இல்லாத தனியார் கம்பனிதான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்கள் சட்டத்தின் கீழ் விற்பனை 50 கோடி ரூபாயைத் தாண்டுவது, ஊழியர் 1000க்கு மேல் இருப்பது என்று சில அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. அவற்றைத் தாண்டினால், கம்பனிகள் நியமங்களைப் பின்பற்றுகின்றனவா என்று பார்க்கும் கண்காணிப்புச் சபையின் பார்வைக்குள் வந்துவிடுவீர்கள். நாங்கள் அதன் கிட்டவே இல்லை. இன்னும் சிறிய நிறுவனங்களுக்கென்று மூன்றாவதாக ஒரு நியமமும் உண்டு. வங்கிக் கடன், குத்தகை, தோட்டம் மூன்றும் எங்களிடம் இருந்ததால் நாங்கள் அதை அதிகம் அலசவில்லை, ஆகவே அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று கடந்துவிடுகிறேன். எஸ்எம்ஈ நியமம் 35 பிரிவுகளில் ஒரே புத்தகமாக அடங்கிவிடும், முழு நியமம் ஆயிரக்கணக்கான பக்கங்கள். இரண்டிலும் காசுப்பாய்ச்சல் கூற்று வேண்டும். பின்னால் வரப்போகும் வரியை இப்போதே கணக்கில் காட்டும் பிற்போட்ட வரியும் இரண்டிலும் உண்டு. 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டப்படி ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கணக்கு தயாராக வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொது. வரியைப் பொறுத்தவரை, இறைவரிக்காரர் கணக்கிலுள்ள இலாபத்திலிருந்து தொடங்கித் தன் சட்டப்படி கூட்டிக் கழித்துக்கொள்வார். நியமத்தை மாற்றியதால் வரி குறையும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

அப்புறம் முடிவைத் தீர்மானிப்பது எது? எங்கள் கண்டி ஓடிட்டர் கேட்ட ஒரு கேள்விதான். இரண்டு நியமத்துக்கும் மாதிரிக் கணக்கு போட்டு அவர் முன் வைத்தபோது, எண்களைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: “எல்லாம் சரி தம்பி, இத வருசா வருசம் யாரு செய்யப்போறது?”

முதல் வருடம் எந்த நியமத்தையும் செய்துவிடலாம். ஆர்வம் இருக்கும், வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைக்கலாம், செலவையும் ஒரு தடவை என்று பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது வருடம், கணக்கு எழுதும் பிள்ளை வேறு வேலை கிடைத்துப் போன பிறகு, கொழுந்து விலை விழுந்து கையில் காசு இல்லாத நேரத்தில், அதே வேலையை அதே தரத்தில் செய்ய முடியுமா என்பதுதான் விசயம். எங்கள் கணக்கில் அந்தச் சுமை மூன்று இடங்களில் வந்து நின்றது.

மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நியமத்தில் தேயிலைச் செடி 2016 முதல் கட்டடம், இயந்திரம் போலவே சொத்தாகக் கணக்கில் போகிறது, அதில் பெரிய தொல்லை இல்லை. ஆனால் மார்ச் 31 அன்று செடியில் நிற்கும் கொழுந்துக்கு நியாய மதிப்பு, அதாவது அன்று விற்றால் கிடைக்கக்கூடிய விலை, போட வேண்டும். வெட்டி விற்பதற்காக வளரும் டர்பன்டைன் மரத்துக்கும் ஒவ்வொரு ஆண்டும் நியாய மதிப்பு வேண்டும். அதற்கு மதிப்பீட்டாளர் சரிவில் ஏறி, துண்டு துண்டாக மரங்களைப் பார்த்து, நெஞ்சு உயரத்தில் நாடாவைச் சுற்றி அளந்து, உயரத்தைக் கணித்து, கன மீற்றருக்கு இன்ன விலை, இன்ன வருடத்தில் வெட்டலாம் என்று வைத்து, அந்தப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கொண்டுவர வேண்டும். நல்ல வேலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய பெருந்தோட்டக் கம்பனிகளின் அறிக்கையில் இதற்கென்றே பக்கம் பக்கமாகக் குறிப்புகள் இருக்கும். அவர்களுக்கு மரம் நூற்றுக்கணக்கான ஏக்கரில் நிற்கிறது. எங்களுக்கு இரண்டு ஏக்கர்.

செலவை விட எனக்குக் கவலை தந்தது இன்னொன்று. மர விலை ஏறிய வருடத்தில் அந்த ஏற்றம் இலாப நட்டக் கணக்குக்குள் நேராக வந்துவிடும். ஒரு மரமும் வெட்டியிருக்க மாட்டோம், வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் கூடியிருக்காது, ஆனால் தாளில் இலாபம் தெரியும். கொழும்பிலுள்ள மாமா அதைப் பார்த்துப் பங்கிலாபம் கேட்டால் அவர் கேட்பதில் தப்பில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்கிலாபம் பிரிக்கும் முன் கம்பனி கடனைத் தீர்க்க வல்லதா என்ற சோதனையில் தேற வேண்டும், கணக்காய்வாளரின் சான்றும் வேண்டும் என்பதெல்லாம் சரி. ஆனால் குடும்பக் கம்பனியில் சட்டம் வந்து நிற்பதற்கு முன்பே மனக்கசப்பு வந்து நின்றுவிடும். அந்த வாக்குவாதத்தை ஒவ்வொரு ஜூலையிலும் நடத்த நான் தயாரில்லை.

எஸ்எம்ஈ நியமம் இங்கே வழிவிடுகிறது. அளவுக்கு மீறிய செலவோ சிரமமோ இல்லாமல் நியாய மதிப்பு கிடைக்குமானால் அதையே போட வேண்டும். கிடைக்காவிட்டால் அடக்கவிலையிலிருந்து தேய்மானத்தையும் மதிப்பிழப்பையும் கழித்து வைத்துக்கொள்ளலாம். இதை நினைத்தபடி எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் அது அளவுக்கு மீறிய செலவு என்று கணக்கின் குறிப்பில் எழுத வேண்டும், ஓடிட்டரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நாங்கள் மதிப்பீட்டுக் கட்டணத்தையும் மரத்தின் அடக்கவிலையையும் அருகருகே வைத்து ஒரு பக்கக் குறிப்பு எழுதினோம், போதுமாக இருந்தது. பறித்த கொழுந்துக்கு மட்டும் பறித்த நேரத்து நியாய மதிப்பு வேண்டும். தொழிற்சாலை மாதாமாதம் கொடுக்கும் விலை கையிலேயே இருப்பதால் அது ஒரு வேலையே இல்லை.

அடுத்தது குத்தகை. முழு நியமத்தில் 2019 முதல், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை அனேகமாக எல்லாமே, சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகைக்குள் வந்துவிடுகிறது. கணக்காகவே பார்க்கலாம். பங்களாவுக்கு வருடம் 12 இலட்சம் வாடகை, 15 வருடக் குத்தகை, கடன் வட்டி 12 வீதம், வாடகை ஆண்டு முடிவில் கட்டுவது என்று வையுங்கள். முதல் நாளிலேயே ஏறக்குறைய 81.7 இலட்சம் கடனாகவும் அதே தொகை சொத்தாகவும் ஏறும். முதல் வருடம் வட்டி 9.8 இலட்சம், தேய்மானம் 5.4 இலட்சம், ஆக மொத்தம் 15 இலட்சத்துக்கு மேல் செலவு. கையிலிருந்து போனது 12 இலட்சம்தான். கடைசி வருடத்தில் அதே செலவு 7 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிடும். 15 வருடத்தையும் கூட்டினால் இரண்டு முறையிலும் 180 இலட்சம்தான் வரும், ஆனால் விடுதி இன்னும் பேர் எடுக்காத முதல் வருடங்களில் கணக்கு மோசமாகத் தெரியும். நடுவில் வாடகையைத் திருத்தினாலோ குத்தகையை நீட்டினாலோ எல்லாவற்றையும் திரும்பக் கணிக்க வேண்டும். பங்களாச் சொந்தக்காரர் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வாடகை பேசுவார் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

எஸ்எம்ஈ நியமத்தில் இந்தப் பங்களா வாடகை வருடா வருடம் 12 இலட்சம் செலவு, அவ்வளவுதான். இனிக் கட்ட வேண்டிய வாடகை எவ்வளவு என்பதைக் குறிப்பில் காட்டினால் போதும். லொறி மட்டும் இரண்டு நியமத்திலும் ஒரே மாதிரி. லீசிங் முடிந்ததும் அது நமக்கே வருவதால் எப்படியும் சொத்தாகவும் கடனாகவும் ஏறும்.

மூன்றாவது, வேலையை விட்டுப் போகும்போது தொழிலாளிக்குக் கொடுக்கும் பணிக்கொடை. மலையகத்தில் ஆள் வைத்து வேலை செய்யும் யாரும் இதை ஓரமாக வைக்க முடியாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கடைசிச் சம்பளத்தில் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நாட்சம்பளம் 1000 ரூபாயாக இருந்தபோது பத்து வருடச் சேவைக்கு 140,000 ரூபாய். 2024இல் 1350 ஆனதும் அதே பத்து வருடத்துக்கு 189,000. கடந்துபோன வருடங்களுக்கும் சேர்த்துத்தான் கூடுகிறது. இந்தப் பொறுப்பைக் கணக்கில் காட்டாமல் விடுவது தொழிலாளிக்குச் செய்யும் அநியாயம் என்பதே என் கருத்து. எந்த நியமமானாலும் இது முழுதாக ஐந்தொகையில் இருக்க வேண்டும்.

வித்தியாசம், கணிக்கும் விதத்தில். முழு நியமத்தில் எதிர்காலச் சம்பள உயர்வு, வேலையை விட்டுப் போவோர் வீதம், இறப்பு வீதம் எல்லாம் வைத்துக் கணிக்க வேண்டும். அதற்கு நிபுணர் கட்டாயமில்லை, ஆனால் நடைமுறையில் கொழும்பிலிருந்து ஒருவரைத் தேட வேண்டிவரும். எஸ்எம்ஈ நியமத்தில், அந்தக் கணிப்பு அளவுக்கு மீறிய செலவானால், எதிர்காலச் சம்பள உயர்வையும் எதிர்காலச் சேவையையும் விட்டுவிட்டு எளிய முறையில் போடலாம். தொழிலாளர் பெயரும் சம்பளமும் எழுதும் எங்கள் செக்ரோல் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆபீஸ் பிள்ளை ஒரு பிற்பகலில் முடித்துவிடுகிறாள். பெயர், சேர்ந்த திகதி, நாட்சம்பளம், பெருக்கல். அவள் போனாலும் அடுத்து வருபவர் அதே தாளைப் பார்த்துச் செய்துவிடலாம். இதைத்தான் பராமரிப்பு என்கிறேன்.

முழு நியமம் வெல்லும் இடமும் உண்டு. கடன் வாங்கி நீண்ட நாள் கட்டும் கட்டடம் என்றால், கட்டும் காலத்து வட்டியை அதன் அடக்கவிலையோடு சேர்க்கச் சொல்கிறது அது. எஸ்எம்ஈ நியமத்தில் வட்டி முழுவதும் அந்தந்த வருடச் செலவு. பங்களாவுக்குப் பின்னால் அறைகள் கட்டும் யோசனை எங்களுக்கு இருக்கிறது, அந்த வருடங்களில் இலாபம் அடிபடும் என்பதைப் பங்குதாரர்களிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறோம்.

கம்பனியை விற்கும்போது முழு நியமக் கணக்கு இருந்தால் விலை கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வாங்குபவர் காணிக்கும் மரத்துக்கும் தன் மதிப்பீட்டாளரைத்தான் கொண்டுவருவார். ஆனால் நான் கம்பனி விற்றவன் இல்லை, வெளிநாட்டு முதலீட்டாளரோடு உட்கார்ந்து பேசியவனும் இல்லை. முழு நியமம் பின்பற்றும் ஒரு பெரிய குழுமத்தோடு சேரப்போகிறீர்கள் என்றால், உங்கள் சொந்தக் கணக்கை எஸ்எம்ஈ நியமத்தில் வைக்கத் தடையில்லை, ஆனால் குழுமத்துக்கென்று இன்னொரு கணக்கும் தயாரிக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் முழு நியமத்துக்கே போவதுதான் புத்திசாலித்தனம். எங்கள் வங்கி மேனேஜரைப் பொறுத்தவரை, ஓடிட் செய்த கணக்கா என்றுதான் கேட்டார், எந்த நியமம் என்று கேட்கவில்லை. இது ஒரு கிளையின் அனுபவம் மட்டுமே.

மாறப்போகிறவர்களுக்கு ஒரு விசயம். எஸ்எம்ஈ நியமத்தின் மூன்றாம் பதிப்பு 2025 பெப்ரவரியில் சர்வதேச அளவில் வெளிவந்தது, 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு உரியது. வருமானத்தைக் கணக்கில் எடுக்கும் பிரிவு அதில் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது, குத்தகைப் பிரிவோ பழையபடியே விடப்பட்டிருக்கிறது. பங்களா வைத்திருப்பவருக்கு அது பெரிய நிம்மதி. நியமம் மாறும்போது முந்தைய ஆண்டின் எண்களையும் புதிய முறையில் காட்ட வேண்டும். 2027 மார்ச் 31 கணக்கை முதல் முறையாக எஸ்எம்ஈ நியமத்தில் கொடுக்க நினைத்தால், 2025 ஏப்ரல் 1 நிலுவைகளைத்தான் முதலில் திருத்தி எடுக்க வேண்டிவரும். அன்றைய செக்ரோல், குத்தகை ஒப்பந்தம், மரம் நட்ட செலவுச் சீட்டுகள் மூன்றையும் ஓடிட்டரைப் பார்க்கப் போகும் முன்பே தேடி எடுத்து வையுங்கள்.