மண் திடலும் தகரக் கூடமும்: எங்கள் பகுதிப் பூப்பந்துக் கழகம்

தஞ்சாவூரில் எங்கள் குடியிருப்பை ஒட்டியுள்ள பூப்பந்துக் கழகத்தில் ஆறு மாதங்களாக உறுப்பினராக இருக்கிறேன். மஞ்சள் கம்பளி நூல் பந்தில் ஆடுவது பூப்பந்து. பதினாறு இறகுகள் செருகிய பந்தில் ஆடுவது இறகுப்பந்து. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு சேர வருபவர்கள் பலர். இங்கே இரண்டுக்கும் இடம் உண்டு.

கழகம் தொடங்கியபோது இருந்தது மண் திடல் மட்டுமே. அதில் ஆடியது பூப்பந்து; 1850களிலேயே தஞ்சை அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்லப்படும் ஆட்டம் அது. 1954இல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவான பிறகு முறையான தேசியப் போட்டிகளும் வந்தன. அலுவலக அறையில் மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில், அணிக்கு ஐவராக இரண்டு அணிகள் மர மட்டைகளோடு நிற்கின்றன. பள்ளி ஆசிரியர்களும் ரயில்வே ஊழியர்களும் மாலை நேரங்களில் ஆடி வளர்த்த கழகம் என்று மூத்த உறுப்பினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இறகுப்பந்துக்கான தகரக் கூரைக் கூடம் பின்னாளில், பிள்ளைகள் கேட்டதால், உறுப்பினர்கள் பணம் திரட்டிக் கட்டியது.

அந்தக் கூடத்தில்தான் குறைகள் தெரிகின்றன. பெரிய சர்வதேசப் போட்டிகளுக்குத் தரையிலிருந்து 12 மீட்டர் உயரம் வரை தடையின்றி இருக்க வேண்டும் என்பார்கள். இங்கே உயரத் தூக்கி அடித்தால் பந்து இரும்புச் சட்டத்தில் பட்டுத் திரும்புகிறது. சித்திரை வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே நிற்க முடியாது. இறகுகளும் காய்ந்து சீக்கிரம் முறிகின்றன. சிமெண்டுத் தரை மேல் விரிப்புப் போடப்படாததால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் சேரலாம். மாதக் கட்டணத்தில் பந்து அடங்காது.

மண் திடலின் கதையே வேறு. மாலை நான்கு மணிக்குக் காவலாளி பூவாளியால் நீர் தெளித்து, உருளை ஓட்டி, தரை இறுகியதும் சுண்ணாம்புக் கோடு போடுகிறார். ஈரம் ஒரு பிடி கூடினாலும் கம்பளிப் பந்து நீரை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பதால், குனிந்து உள்ளங்கையை மண்ணில் அழுத்திப் பார்த்த பிறகே வலையைக் கட்ட விடுகிறார். புதியவர்களுக்கு மட்டையைப் பிடிக்கக் கற்றுத்தரும் பெரியவர் எழுபதைக் கடந்தவர். பந்தை வெட்டிச் சுழலவிடும் அவருடைய அடியை இன்றுவரை என்னால் சரியாகத் திருப்ப முடியவில்லை.

24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட இத்திடல், பரப்பில் ஓர் இறகுப்பந்துக் களத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதனாலேயே இதன் மேலும் கூரை போட்டு வருமானம் பார்க்கலாம் என்ற பேச்சு நிர்வாகக் குழுவில் எழுந்திருக்கிறது. அதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். இறகுப்பந்துக் கூடங்கள் நகரில் வேறு இடங்களிலும் உள்ளன. இவ்வளவு அக்கறையாகப் பேணப்படும் பூப்பந்துத் திடலை இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

இறகுப்பந்துக்கு வருபவர்கள் காலை ஆறு மணிக்கு ஆட இடம் கேட்டு வாங்குங்கள். பூப்பந்துக்கு வருபவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. அடைமழை விட்டுத் திடல் காய்ந்து மறுபடி உருளை ஓட்டுவதற்குள் பொங்கல் நெருங்கிவிடுகிறது.